ஆயுத பூஜைக்கு வந்த துப்பாக்கி

டெக்சாஸில், சுகர் லேண்ட் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்கு முதல் துப்பாக்கி வந்த அன்று நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஒரு நீளமான அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜை மேல் வைத்தார். ஜன்னலுக்குத் திரைக் கம்பி வாங்கி வரச் சொல்லி ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக வாங்கிவிட்டார் என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

"மான் வேட்டைக்கு" என்றார்.

நாங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம். இரண்டு பேர் வீட்டிலும் சுத்த சைவம். கேக்கில் முட்டை இல்லை என்று யாராவது பொய் சொன்னால்தான் அவர் கேக் சாப்பிடுவார். குளியலறையில் கரப்பான் பூச்சி தென்பட்டால் என்னைக் கூப்பிட்டுவிட்டு ஹாலுக்குப் போய்விடுவார். அப்படிப்பட்ட மனுஷன் டெக்சாஸ் மான்களைப் பயமுறுத்தக் கிளம்பியிருந்தார்.

"ஏனுங்க, யாரு சுடறது?"

"சுடோணும்னு இல்ல. கூடப் போகோணும். மேனேஜரோட டீம் பூரா போறாங்க. நான் மட்டும் லேப்டாப்பத் தூக்கிட்டா போறது? கையில ஒண்ணு இருக்கோணுமில்ல?"

அந்த மேனேஜர்தான் அவருடைய கிரீன் கார்டு பேப்பர்களில் கம்பெனி சார்பாகக் கையெழுத்துப் போட வேண்டியவர். அவர் வேட்டைக்குக் கூப்பிட்டதற்குப் பதிலாக ஏரோபிளேனிலிருந்து குதிக்கக் கூப்பிட்டிருந்தாலும் எங்கள் வீட்டுக்காரர் பாராசூட் வாங்கிக்கொண்டு வந்திருப்பார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்களைப் போன்றவர்கள் எல்லோருமே யாரோ ஒருவருடைய கையெழுத்துக்காகச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக்கல் படித்தவள். கல்யாணத்துக்கு முன் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். அமெரிக்கா வந்தபோது டிபெண்டென்ட் விசா. வேலை செய்யக் கூடாது. சமைக்கலாம், துவைக்கலாம், வீடு பெருக்கலாம், வருகிற நண்பர்களுக்கெல்லாம் தோசை ஊற்றலாம். அதெல்லாம் வேலையில் சேர்த்தி இல்லை என்ற விஷயத்தில் அமெரிக்க அரசாங்கத்துக்கும் என் மாமியாருக்கும் ஒரே கருத்து.

ஒரு வார இறுதியில் அவர் சுட்டுப் பழகும் இடத்துக்குப் போய்விட்டுத் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார். குண்டு ஒன்று மேலே போகிறதாம், அடுத்தது இடது பக்கம் போகிறதாம், அதற்கடுத்தது அட்டையிலேயே படவில்லையாம். துப்பாக்கியின் மேல் பூட்டியிருக்கும் ஸ்கோப், அதாவது குறி பார்க்கும் குழாய், மட்டமான சரக்கு, வேறு வாங்க வேண்டும் என்றார். நான் அந்தக் குழாயைப் பிடித்து லேசாக அசைத்துப் பார்த்தேன். வயசானவர் பல் மாதிரி ஆடியது.

"குழாய் நல்லாத்தான் இருக்குதுங்க. ஸ்க்ரூ லூஸ்."

"நல்லா முறுக்கித்தான் வெச்சேன். கை செவந்து போச்சு."

கை சிவக்க முறுக்குவதுதான் உலகம் முழுக்க நடக்கிற தப்பு. ஸ்க்ரூ கழன்றால் இன்னும் பலமாக முறுக்கு, மறுபடி கழன்றால் இன்னும் பலமாக முறுக்கு, கடைசியில் மரை தேய்ந்து எதற்கும் உதவாமல் போகும். பம்பாக இருந்தாலும் துப்பாக்கியாக இருந்தாலும் ஸ்க்ரூவைக் கழற்றுவது அதிர்ச்சி. பம்ப் நாள் முழுக்க நடுங்கும். துப்பாக்கி ஒரே உதையில் மொத்தத்தையும் உதைக்கும். அதைத் தாங்க வேண்டுமென்றால் மரை சுத்தமாக இருக்க வேண்டும், எல்லா ஸ்க்ரூவும் சமமாக இறுகியிருக்க வேண்டும். இதைத்தான் நான் கோவையில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் அவர் ஆபீஸ் போனதும் எல்லாவற்றையும் கழற்றிப் பழைய துண்டின் மேல் பரப்பினேன். புது ஸ்க்ரூ துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவித்தான் விற்பார்கள். அதைத் துடைக்காமல் பூட்டியிருந்தார். நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றையும் துடைத்தேன், துளைக்குள்ளும் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். ஆட்டோ பார்ட்ஸ் கடையில் மரைக்கென்றே விற்கிற பசை வாங்கி வந்தேன். நீலம், சிவப்பு என்று இரண்டு உண்டு. சிவப்பைப் போட்டால் நெருப்பில் சூடு காட்டாமல் திரும்பக் கழற்ற முடியாது. நீலம் போதும், அதுவும் ஒரு சொட்டு. பிறகு எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். கடைசியில் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரைக்கும் நெயில் பாலிஷால் ஒரு கோடு. ஸ்க்ரூ மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

முடித்துவிட்டு நிமிர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டிருந்தது. சாப்பிட மறந்திருந்தேன். அமெரிக்கா வந்து அவ்வளவு சந்தோஷமாக ஒரு நாளும் இருந்ததில்லை என்று தோன்றியது. தோன்றியதும் பகீரென்றது.

அடுத்த வாரம் அவருடைய குண்டுகள் எல்லாம் ஒரு போஸ்ட் கார்டு அளவுக்குள் விழுந்தன. ஆபீஸில் பேச்சாகிவிட்டது. அந்த வாரமே அவர் டீமில் இருந்த ஒருவருடைய துப்பாக்கி எங்கள் கராஜுக்கு வந்தது. பிறகு இன்னொருவர், பிறகு அவருடைய மச்சான். அக்டோபர் மாதம் ஆனால் போதும், நவம்பரில் மான் சீசன் தொடங்குவதற்குள் எல்லோருக்கும் ஸ்கோப்பை இறுக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்காரர் ஒன்றைக் கொண்டு வருவார், நான் பகலில் வேலையை முடித்து வைப்பேன், அவர் கொண்டுபோய்க் கொடுப்பார்.

"யாரு செய்யறாங்கன்னு கேக்கலீங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நான்தான்னு சொல்லிட்டேன்" என்றார் டிவியைப் பார்த்துக்கொண்டே.

"ஏனுங்க அப்படி?"

"உனக்கு வொர்க் பண்ண பெர்மிட் இல்ல. நீ பண்றேன்னு சொல்லி, அது எங்கயாச்சும் போயி, கிரீன் கார்டு பிராசஸ்ல பிராப்ளம் ஆச்சுன்னா யாரு பாக்கறது?"

"நாமதான் காசே வாங்கறதில்லீங்களே."

"காசு வாங்கலீன்னாலும் வேலை வேலைதான்."

சமையலைப் பற்றி அவர் அதற்கு முன்னும் இப்படிச் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

காசுக்குப் பதிலாக மான் கறி வந்தது. சாஸேஜாகச் செய்து, பேப்பரில் சுற்றி, வீட்டுக்காரர் பெயர் எழுதி, நன்றியோடு கொடுத்து அனுப்புவார்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. துருவிய தேங்காய்க்குப் பக்கத்தில் அதை வைக்க எனக்கு மனசு வராது. எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். அந்த வருடம் எதிர்வீட்டு நாய் நன்றாகத் தேறியது.

பொறுத்துக்கொள்ள முடியாதது வேறொன்று. வார இறுதிப் பார்ட்டிகளில் அவர் விளக்கம் கொடுக்கத் தொடங்கினார். கையில் பேப்பர் தட்டோடு சுற்றி நிற்கும் நம் ஊர்ப் பையன்களிடம், "மெயினா மரையில ஆயில் இருக்கக் கூடாது. அப்புறம் புளூ பசை, ஒரு ஸ்பூன்" என்பார். ஒரு சொட்டு என்பதை ஒரு ஸ்பூன் ஆக்கிவிட்டார். நான் பக்கத்தில் தயிர் சாதக் கரண்டியோடு நின்றுகொண்டிருப்பேன். என் வார்த்தைகளை என் கண் முன்னாலேயே தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். காரில் திரும்பும்போது, "சொட்டுங்க" என்று மட்டும் சொல்வேன். "என்ன சொட்டு?" என்பார்.

எனக்குக் காசு வேண்டாம், கறி நிச்சயமாக வேண்டாம். இதைச் செய்தது இவள் என்று யாராவது ஒரே ஒருவரிடம் அவர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன். அதை இரண்டு முறை வாய் விட்டும் கேட்டேன். "கார்டு வரட்டும், ஊருக்கே சொல்லலாம்" என்றார். நான் விட்டுவிட்டேன், ஆனால் மனசு விடவில்லை. கராஜில் தனியாக ஸ்க்ரூ துடைத்துக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து நின்று பார்க்க மாட்டார்களா என்று இருக்கும்.

இரண்டாவது வருடம் மேனேஜரே வந்தார். நரைத்த மீசை, பெரிய டிரக், வாசலிலேயே தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவருடைய அப்பாவின் துப்பாக்கியாம், புதிதாக ஒரு ஸ்கோப் வாங்கியிருக்கிறாராம். இரண்டையும் வீட்டுக்காரர் கையில் குழந்தையை ஒப்படைக்கிற மாதிரி ஒப்படைத்தார். நான் டீ கொடுத்தேன். உன் புருஷனுடைய கை சாதாரணக் கை இல்லை என்று என்னிடம் ஆங்கிலத்தில் பாராட்டினார். நான் தேங்க்ஸ் சொன்னேன். வேறு யார் சொல்வது?

அந்த வேலை பாதியில் இருந்தபோது ஆயுத பூஜை வந்தது. குழாயைக் கண் பக்கமாகப் பின்னால் தள்ளி, அதைத் துப்பாக்கியோடு பிடித்துக்கொள்ளும் வளையங்களுக்குள் உட்கார வைத்து, கீழே விழாமல் இருப்பதற்காக ஸ்க்ரூக்களை விரலால் மட்டும் திருகி வைத்திருந்தேன். கண்ணுக்கும் குழாய்க்கும் எவ்வளவு இடைவெளி, உள்ளே தெரிகிற குறுக்குக் கோடு சாயாமல் இருக்கிறதா என்றெல்லாம் இனிமேல்தான் பார்க்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துப் பசை போட்டு இறுக்க வேண்டும்.

பூஜையை அவர்தான் தடபுடலாகச் செய்தார். கார் சாவி, கம்ப்யூட்டர், மிக்ஸி, என் டூல் பாக்ஸ், நடுவில் மேனேஜரின் துப்பாக்கி. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பொரி வாங்க, நம் ஊர்க் கடைகள் இருக்கிற ஹில்கிராஃப்ட் வரைக்கும் போக முடியாததால் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற அரிசிப் பொரி டப்பாவை உடைத்து நாட்டுச் சர்க்கரை கலந்து வைத்தோம். எங்கள் வாழ்க்கையில் ஆயுத பூஜைக்கு நிஜமாகவே ஆயுதம் வந்தது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கும்பிட்டார்.

பூஜையில் வைத்த கருவியை மறுநாள் திரும்பவும் கும்பிட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கோவையில் எங்கள் பம்ப் கம்பெனியிலும் அப்படித்தான். ஓடுகிற வேலை பாதியில் நின்றாலும் நிற்கட்டும், அன்றைக்கு மெஷினைத் தொட மாட்டோம். பாதி செய்த பொருளுக்கும் பொட்டு உண்டு, முழுசாகச் செய்த பொருளுக்கும் பொட்டு உண்டு. அதனால் நானும் தொடவில்லை.

மறுநாள் விஜயதசமி, சனிக்கிழமை. பக்கத்துத் தெரு ஆன்ட்டி ஒருவரோடு காலையிலேயே பேர்லாண்ட் கோயிலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பூஜை மேஜையில் மிக்ஸி இருக்கிறது, டூல் பாக்ஸ் இருக்கிறது, நடுவில் பொரி மட்டும் இருக்கிறது.

"துப்பாக்கி எங்கீங்க?"

"மேனேஜர் இந்தப் பக்கமா வந்தாரு. ரெடியான்னு கேட்டாரு. குடுத்துட்டேன்."

"அது இன்னும் முடியலீங்க!"

"எல்லாந்தான் மாட்டியிருந்துச்சே. நான் புடிச்சு ஆட்டிக்கூடப் பாத்தேன், ஆடல. பூஜையும் ஆச்சு. முடியாததையா பூஜையில வெப்பே?"

"பூஜை போட்டா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தமாங்க? மிக்ஸிக்குள்ள சட்னியா இருந்துச்சு? விரல்ல திருகி வெச்சது கைக்கு ஆடாதுங்க, சுட்டா ஆடும். மொதல்ல போன் போடுங்க. சுட வேண்டாம்னு சொல்லுங்க."

அவர் முகம் மாறியது. முடியாத வேலையை முடிந்தது என்று கொடுத்தோம் என்று எப்படிச் சொல்வது, அதுவும் தானே செய்ததாகப் பெருமை அடித்துக்கொண்ட வேலையை, என்று அவர் யோசித்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கார்ட்லெஸ் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். சிரித்துச் சிரித்துப் பேசினார். உள்ளே வந்து, "சொல்லிட்டேன்" என்றார்.

"சுட வேண்டாம்னு சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன்னு சொல்றேனில்ல? எத்தன தடவ கேப்பே?"

நம்பினேன். அவருக்கும் பயம் இருக்கும் அல்லவா என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெயில் இருக்கும்போதே மேனேஜரின் டிரக் வந்து நின்றது. கராஜ் கதவு திறந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் உள்ளேதான் இருந்தோம். அவர் இறங்கியபோது வலது புருவத்தின் மேல் பெரிய கட்டு. கட்டுக்கு வெளியே கண்ணைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. முதல் குண்டிலேயே துப்பாக்கி பின்னால் உதைத்ததில் குழாயின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிட்டதாம். தையல் போட்டிருக்கிறார்களாம். நல்லவேளை, கண் தப்பியது.

மனுஷன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. துப்பாக்கியை எங்கள் மேஜை மேல் வைத்து, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினார். அது பாட்டில் மூடி மாதிரி கழன்று வந்தது. அடுத்ததும் வந்தது. இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நேற்று நீ போன் செய்து, நன்றாகச் சுடுங்கள் என்று வாழ்த்தினாயே, அப்போதுகூட இதைச் சொல்லவில்லையே என்று மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார்.

வாழ்த்தியிருக்கிறார்! நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு வேர்த்துக்கொட்டியது. கிரீன் கார்டு பேப்பர்கள் எல்லாம் அந்த ஒற்றைப் புருவத்தின் மேல் தொங்கிக்கொண்டிருந்தன. 

"மை வைஃப் டிட் திஸ் ஒன்" என்றார்.

அன்றைக்கு அவருக்கு விசா ஞாபகம் வரவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு சீசனாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகச் செய்த ஒவ்வொன்றையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டு, கழன்றதை மட்டும் தூக்கி என் தலையில் போடுகிறார். இதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது? அவ்வளவு கோபத்துக்கு நடுவிலும், இதைச் செய்தவள் இவள் என்று ஒரு வெளி ஆளிடம் அவர் வாயால் சொன்னதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ துள்ளியது. அப்படித் துள்ளியதற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

மேனேஜர் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"ஜஸ்ட் திஸ் ஒன்?" என்று கேட்டார்.

 இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்தான் என்று காத்திருந்தேன். இப்போது சொன்னாலும் போதும், மிச்சத்தை மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். எங்கள் வீட்டுக்காரர் வெளியே புல்தரையைப் பார்த்தார். 

"யெஸ் சார். ஜஸ்ட் திஸ் ஒன்."

"நோ" என்றேன் நான். சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் வந்துவிட்டது. "ஆல் ஆஃப் தெம். எல்லாமே நான் பண்ணினது. இது இன்னும் முடியல. முடியறதுக்கு முன்னாடி இவரு குடுத்துட்டாரு." அவசரத்தில் பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகச் சொன்னேன். அது தமிழ் என்று மேனேஜருக்கோ எனக்கோ தோன்றவே இல்லை. ஸ்க்ரூவை விரலால் திருகிக் காட்டினேன், பசை டப்பாவைக் காட்டினேன், குழாய் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று கண்ணுக்கு முன்னால் விரல்களை வைத்துக் காட்டினேன்.

மேனேஜர் எங்கள் வீட்டுக்காரரை ஒரு நிமிடம் பார்த்தார். வீட்டுக்காரர் கராஜ் விளக்கைப் போடுவதற்காகச் சுவர்ப் பக்கம் போனார். விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்தார், பிறகு போட்டார்.

மேனேஜர் மேஜையிலிருந்து அவருடைய அப்பாவின் துப்பாக்கியை எடுத்தார். டிரக்குக்குத்தான் கொண்டுபோகப் போகிறார் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினார். கழற்றிய ஸ்க்ரூக்களையும் பொறுக்கி என் உள்ளங்கையில் போட்டார். எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று கேட்டார்.

"டுமாரோ" என்றார் வீட்டுக்காரர், பழக்க தோஷத்தில்.

மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு முடியாது" என்றேன் ஆங்கிலத்தில். "பசை காய முழுசா ஒரு நாள் வேணும். புதன்கிழமை வாங்க."

"வெட்னெஸ்டே, மேம்" என்றார். தொப்பியைத் தலையில் வைக்கப் பார்த்தார், கட்டு தடுத்தது, கையிலேயே வைத்துக்கொண்டு போனார். அமெரிக்கா வந்த பிறகு அதுவரை ஒரு வேலை எப்போது முடியும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.